நோபல் வீட்டின் கொல்லைப்புறக் கதவு

மெதுவாக வாருங்கள், செருப்புச் சத்தம் கேட்கக் கூடாது. சிட்னியின் சென்டேனியல் பூங்காவைப் பார்த்தபடி இருக்கும் மார்ட்டின் ரோட்டில் நிற்கிறோம். கதவு எண் 20. இலக்கியத்துக்காக 1973இல் நோபல் பரிசு வாங்கிய பேட்ரிக் வைட், 1964 முதல் 1990இல் கண்மூடும்வரை குடியிருந்த வீடு. இப்போது வேறொருவருக்குச் சொந்தம். கேட்டைத் தள்ள நமக்கு உரிமை கிடையாது. பரவாயில்லை! உள்ளே அழைத்துப்போக நமக்கு ஓர் ஆள் இருக்கிறார், பெயர் விரசிதாஸ் கரலீஸ். கிரேக்கத்திலிருந்து வந்து சிட்னிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். வைட்டின் 'வாஸ்', 'தி விவிசெக்டர்' நாவல்களைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர். அவர் 2008இல் வெளியிட்ட 'ரெகலெக்‌ஷன்ஸ் ஆஃப் மிஸ்டர் மனோலி லஸ்காரிஸ்' என் கைப்பையில் இருக்கிறது. நமக்கு அதுதான் டிக்கெட்.

மொழிபெயர்ப்பாளர் சிந்துகிற வேர்வையை யாருமே பார்ப்பதில்லை. 'வாஸ்' லேசான சரக்கு இல்லை. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலையில் 1848இல் காணாமல் போன லுட்விக் லைக்கார்ட் என்ற ஜெர்மானியப் பயணியை மனத்தில் வைத்து வைட் எழுதிய நாவல் அது. வாக்கியங்கள் நடுவழியில் முறிந்து நிற்கும், எழுவாய் எங்கோ போய் ஒளிந்துகொள்ளும். அதைக் கிரேக்கத்தில் கட்டி எழுப்ப வேண்டும். எழுதியவரைக் கேட்கலாம் என்றால் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிறகு யாரைக் கேட்பது?

இங்கேதான் எனக்கு உற்சாகம் தலைக்கேறுகிறது. அந்த வீட்டில் இன்னொருவர் இருந்தார்! மனோலி லஸ்காரிஸ். 1912இல் கெய்ரோவில் பிறந்த கிரேக்கர். பெற்றோர் பிரிந்தபின் அத்தைமாரிடம் வளர்ந்தவர். 1941இல், போர்க்காலத்து அலெக்சாந்திரியாவில் பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரியாக இருந்த வைட்டைச் சந்தித்தார். அன்று சேர்ந்த இருவரும் வைட் இறக்கும்வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிரியவில்லை. வைட் போனபிறகும் லஸ்காரிஸ் அதே வீட்டில் வாழ்ந்தார். கரலீஸ் அவரிடம் போனார், கிரேக்கத்தில் பேச்சுக் கொடுத்தார். நாவலைப் பற்றிக் கேட்கப் போன மனிதருக்கு ஒரு முழு வாழ்க்கையே கிடைத்தது. புத்தகத் தலைப்பில் 'மிஸ்டர்' விடாமல் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். பெரியவரிடம் கடைசிவரை காட்டிய மரியாதை அது. படிக்கும்போது நானும் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு சின்ன ரகசியம். லஸ்காரிஸ் என்பது பைசாந்தியப் பேரரசர்களின் குடும்பப் பெயர். 1204இல் சிலுவைப் போர்க்காரர்கள் கான்ஸ்டான்டினோப்பிளைச் சூறையாடியபின் நைசியாவிலிருந்து ஆண்டார்களே, அவர்களின் வழி. கரலீஸோ மிக்கேல் செல்லோஸ் போன்ற பைசாந்திய வரலாற்றாசிரியர்களை இன்றைய கிரேக்கத்துக்குக் கொண்டுவந்தவர். கல்வெட்டே கதியென்று கிடக்கும் ஒருவருக்குச் சோழ வம்சத்துப் பெரியவர் அதே ஊரில் பேசக் கிடைத்தால் எப்படி இருக்கும்? யோசித்துப் பார்க்கவே எனக்குச் சிலிர்க்கிறது.

இனி வடமேற்கே காசில் ஹில். இன்று மெட்ரோ ரயிலும் பெரிய கடைத்தொகுதியுமாக இருக்கிற இடம், நம்மவர்களுக்கும் பழக்கப்பட்ட பக்கம். 1948இல் வைட்டும் லஸ்காரிஸும் இங்கே குடிவந்தபோது வெறும் பண்ணை நிலம். வருங்கால நோபல்காரரும் அரச வம்சத்தவரும் பசுவும் ஆடும் வளர்த்து, பாலும் க்ரீமும் விற்று, பூவும் காய்கறியும் பயிரிட்டு, ஷ்னவுசர் நாய்க்குட்டிகளைப் பேணிக்கொண்டிருந்தார்கள். சாணி, சேறு, ஆஸ்துமா. எழுத்து? வைட் ஏறக்குறைய கைவிட்ட நிலையில் இருந்தார்.

1951 கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு. மழை கொட்டுகிறது. நாய்க்குட்டிகளுக்குச் சாப்பாட்டுத் தட்டோடு போகிறார் வைட். கால் வழுக்குகிறது. தட்டு ஒரு பக்கம், மனிதர் ஒரு பக்கம், மல்லாக்கச் சேற்றில். அங்கேயே கிடந்து, தான் நம்பாத கடவுளைக் கண்டபடி திட்டித் தீர்க்கிறார். திட்டத் திட்ட அவருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. நம்பிக்கை தனக்குள் திரும்பிவந்த கணம் அதுவே என்று பின்னால் அவர் சொன்னார். அதன்பின் எழுத உட்கார்ந்ததுதான் 'தி ட்ரீ ஆஃப் மேன்', 1955இல் வந்தது. அடுத்து 1957இல் 'வாஸ்'. முதல் மைல்ஸ் ஃபிராங்க்ளின் விருது அதற்கே. நோபல் விழாப் படங்களைக் காட்டிலும் இந்த வழுக்கல்தான் எனக்கு வேண்டும்!

மார்ட்டின் ரோட்டு வீட்டில் அடுப்படி வைட்டின் ராஜ்ஜியம். விருந்தினருக்குத் தானே சமைத்துப்போடுவதில் அவருக்குத் தனி ஆசை. நோபல் பணத்தை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. போதிய கவனம் கிடைக்காத எழுத்தாளர்களுக்கு விருது ஏற்படுத்திவிட்டார். ஸ்டாக்ஹோம் மேடைக்கும் போகவில்லை, ஓவியர் சிட்னி நோலன்தான் போய் வாங்கிவந்தார்.

சரி, பல்கலைக்கழகத்துக்கு வாருங்கள். குவாட்ராங்கிளின் மணற்கல் வளைவுகளில் எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். நாம் கரலீஸ் வகித்த பதவியின் பெயரைப் பார்ப்போம்: சர் நிக்கலஸ் லாரன்டஸ் நவீன கிரேக்கம், பைசாந்தியவியல் பேராசிரியர். யார் இந்த லாரன்டஸ்? 1890இல் கித்தீரா தீவில் பிறந்து பிழைக்க வந்தவர், நியூ சவுத் வேல்ஸின் சின்ன ஊர்களில் சினிமாக் கொட்டகை நடத்தியவர். படம் காட்டிச் சம்பாதித்தவர், இந்த வளாகத்தில் தாய்மொழிக்கு நாற்காலி போடப் பணம் கொடுத்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் 2012இல் என்ன எழுதினார் தெரியுமா? கிரேக்க சினிமாவின் வரலாறு! கொட்டகைக்காரர் கேட்டிருந்தால் விசில் அடித்திருப்பார். ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்கு உண்டியல் ஏந்தியவர்கள் நாம். 60 லட்சம் டாலர் சேரும்வரை எத்தனை ஊர்களில் எத்தனை கூட்டம் போட்டோம் என்று நமக்குத்தான் தெரியும். அதனால் இந்தப் பெயர்ப்பலகை என்னைச் சும்மா கடந்துபோக விடவில்லை.

மெல்பர்னுக்கு ஓர் எட்டு. ஓக்லியின் ஈட்டன் மாலில் காபிக் கடை மேசைகளைச் சுற்றிப் பெரியவர்கள் உரக்கக் கிரேக்கத்தில் வாதாடுகிறார்கள், தட்டில் தேன் சொட்டும் பக்லாவா. 'வாஸ்' வந்த அதே 1957இல் இந்த நகரத்தில் 'நியோஸ் கோஸ்மோஸ்' கிரேக்கப் பத்திரிகை பிறந்தது. அப்பாவும் அம்மாவும் வீட்டில் அந்தப் பத்திரிகையைப் படிக்க, பிள்ளைகள் இங்கிலீஷில் வைட்டைப் படித்து வளர்ந்த வீடுகளை நினைத்துப் பாருங்கள். கரலீஸின் மொழிபெயர்ப்பு அந்தப் பெற்றோர் கையிலும் இந்த மண்ணின் நாவலைக் கொடுத்துவிட்டது. நமக்கும் சிட்னியில் எஸ்.பொ. இருந்தார். நாவலாசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பாளர், சண்டைக்காரர். 2014 நவம்பரில் அங்கேயே காலமானார். அவர் வீட்டுக் கொல்லைப்புறக் கதவைத் திறந்து காட்ட ஒரு கரலீஸ் வரவேண்டும் என்பது என் பேராசை.

கடைசிக் காட்சி கான்பெராவில், ஆஸ்திரேலிய தேசிய நூலகம். பையை லாக்கரில் போடுங்கள், பேனாவையும் அதிலேயே வைத்துவிடுங்கள், பென்சிலுக்கு மட்டும் அனுமதி. 1977இல் இந்த நூலகம் வைட்டிடம் காகிதங்களைக் கேட்டபோது, தன்னிடம் எதுவும் கிடையாது, புத்தகம் அச்சானதும் கையெழுத்துப் பிரதி ஒழிந்துவிடும், சாகும்போது முடியாமல் கிடப்பதையும் எரித்துவிட வேண்டும் என்று பதில் எழுதினார். 2006இல், அவருடைய இலக்கியப் பொறுப்பாளர் பார்பரா மாப்ஸ் 32 பெட்டிகளை இங்கே சேர்த்தார். குறிப்பேடுகள், கடிதங்கள், கையெழுத்துப் பிரதிகள்! மனிதர் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தார், அந்த அம்மையாரும் எரிக்க மனம் வராமல் விட்டுவைத்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

அந்தப் பெட்டிகளுக்குள்ளிருந்து முடியாத நாவல் ஒன்று வெளியே வந்தது: 'தி ஹேங்கிங் கார்டன்', 2012இல் அச்சானது. லஸ்காரிஸ் 2003இலேயே காலமாகிவிட்டதால் அச்சில் அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. உலகப் போருக்குத் தப்பி சிட்னித் துறைமுகக் கரைக்கு வந்து சேரும் ஒரு சிறுமிதான் அதன் நாயகி. அவள் பெயர் ஐரீனி ஸ்கிலாவோஸ், கிரேக்கத் தகப்பனின் மகள்.