நம்பர் பிளேட் இல்லாத மஞ்சள் கார்

1995 ஏப்ரல் 19, காலை 9.02. அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் மத்திய அரசுக் கட்டடம் ஒன்று குண்டுவெடிப்பில் சரிந்தது. 168 பேர் இறந்தார்கள். அதில் 19 பேர் குழந்தைகள்.

ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கழித்து, வடக்கே பெர்ரி என்ற ஊருக்கருகில், நெடுஞ்சாலை ரோந்துக் காவலர் சார்லி ஹாங்கர் ஒரு பழைய மஞ்சள் காரை ஓரங்கட்டச் சொன்னார். பின்னால் நம்பர் பிளேட் இல்லை, அவ்வளவுதான். ஓட்டி வந்தவர் லைசென்ஸை எடுக்கக் கையை நகர்த்தியபோது ஜாக்கெட்டுக்குள் ஏதோ புடைத்துத் தெரிந்தது. துப்பாக்கி. ஆளை லாக்கப்பில் வைத்தார்கள். குண்டு வைத்த திமோதி மெக்வே அவர்தான் என்பது அப்போது அங்கே யாருக்கும் தெரியாது.

வாகனச் சோதனை பயங்கரவாதத்தைத் தடுக்கும் என்பவர்கள் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். ஆனால் இதன் பின்பாதிதான் முக்கியம். வெடித்த லாரியின் அச்சில் தப்பியிருந்த எண், எஃப்.பி.ஐ.யை வாடகைக் கடைக்கும் அங்கிருந்து ஒரு விடுதிக்கும் கொண்டுபோனது. விடுதிப் பதிவேட்டில் மெக்வே சொந்தப் பெயரையே எழுதியிருந்தார். அந்தப் பெயரைக் கம்ப்யூட்டரில் தேடியபோது, ஹாங்கர் ஏற்கெனவே அதைச் சரிபார்த்திருந்தது தெரிந்தது. இரண்டு நாள் கழித்து, விடுதலையாகவிருந்த நேரத்தில் ஆள் சிக்கினார். ஹாங்கரின் சோதனை ஒரு பதிவாக மிஞ்சியதால்தான் பயன்பட்டது.

அப்படியானால் எல்லோரையும் நிறுத்திப் பார்த்தால் என்ன? பிரிட்டன் செய்து பார்த்தது. 2000-ஆம் ஆண்டு பயங்கரவாதச் சட்டத்தின் 44-வது பிரிவு, காரணமே இல்லாமல் வண்டியையும் ஆளையும் நிறுத்திச் சோதிக்க போலீஸுக்கு அதிகாரம் தந்தது. 2009-10-இல் மட்டும் 1 லட்சத்துக்கு மேற்பட்ட சோதனைகள். பயங்கரவாதக் குற்றத்துக்காகக் கைதானவர் ஒருவர்கூட இல்லை. கறுப்பினத்தவரும் ஆசியர்களும்தான் தங்கள் மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகம் நிறுத்தப்பட்டார்கள். துப்பு கொடுக்கக்கூடிய மக்களையே தெருவில் அவமானப்படுத்துவது பெரிய தவறு. 2010-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அந்த அதிகாரம் தனியுரிமையை மீறுகிறது என்று தீர்ப்பளித்தது.

வெறுமனே நிறுத்தினால் போதாது என்பதற்கு அமெரிக்காவிலேயே சான்று உண்டு. 2001 செப்டம்பர் 11 தாக்குதல்காரர்களையும் போலீஸ் முன்பே நிறுத்தியிருக்கிறது. அவர்களில் ஒருவரான ஜியாத் ஜர்ரா, தாக்குதலுக்கு இரண்டு நாள் முன்பு மேரிலாந்தில் அதிவேகத்துக்காக 270 டாலர் அபராத ரசீது வாங்கிக்கொண்டு போனார். காவலரைக் குறை சொல்ல முடியாது. அவர் பார்த்த திரையில் ஒன்றுமே இல்லை. இன்னொரு தாக்குதல்காரரான நவாஃப் அல்-ஹஸ்மியின் கதையை நினைத்தால்தான் வயிறெரிகிறது. அவர் அமெரிக்காவுக்குள் வந்துவிட்டது 2000-ஆம் ஆண்டிலேயே சி.ஐ.ஏ.வுக்குத் தெரியும். 2001 ஏப்ரல் 1 அன்று, ஹாங்கர் வேலை பார்த்த அதே ஓக்லஹோமாவில், அதிவேகத்துக்காக அவரை நிறுத்தினார்கள். அபராதம் போட்டு அனுப்பினார்கள். அவர் பெயர் கண்காணிப்புப் பட்டியலில் ஏறியது ஆகஸ்ட் கடைசியில்.