கட்டற்ற கணினி – 14: கொம்பு முதலில்

மாத்தளை திருகோணமலை வீதியில் எனக்குப் பழக்கமான ஒரு கொமியூனிகேஷன் கடை. இரண்டு கணினி, ஒரு போட்டோகொப்பி மெசின், மூலையில் லெமினேட்டிங். இரத்தோட்டை, உக்குவளைப் பக்கத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதிக் கடிதம், பிரதேச செயலகத்துக்கு மனு என்று அங்கே டைப் அடிக்கிற அக்காவுக்குக் காலையில் நிமிர நேரமிருக்காது.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு நின்றது. அவருடைய பழைய மெசினில் விண்டோஸ் 11 ஏறாது. “அந்த லினக்ஸப் போட்டுத் தாங்க தம்பி, பாப்பம்” என்றார். லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே போன்.

“தம்பி, எழுத்தெல்லாம் இடம் மாறிக் கெடக்கு. கொம்பு வேற பின்னால வருது.”

பிழை என்னுடையது. பட்டியலில் ‘தமிழ், இலங்கை’ என்று கண்டதும் அதையே தெரிவுசெய்திருந்தேன். அது தமிழ்நெட் 99 விசைப்பலகை. 1999இல் சென்னை மாநாட்டில் உருவானது. அக்காவின் கை பழகியதோ பாமினி எழுத்துருவில். நமது தட்டச்சுப் பொறிகளின் வழியில் வந்த பழக்கம் அது. தாளில் தெரிகிற ஒழுங்கிலேயே அடிப்பார்கள்: ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு ‘க’, பிறகு கால். யூனிகோட் சேமிக்கிற ஒழுங்கு வேறு. அங்கே ‘க’ முன்னால், ஒகரக் குறி பின்னால். இரண்டுக்கும் நடுவில் நின்று மாற்றிவைக்க ஒரு மென்பொருள் வேண்டும்.

லினக்ஸில் அது இல்லாமலில்லை. எம்17என் என்ற உள்ளீட்டுத் தொகுப்பில், அதே தட்டச்சுப் பொறி ஒழுங்கில் அடிக்கிற ரெங்கநாதன் விசைப்பலகைக்கென்றே ஒரு கோப்பு கிடக்கிறது. 2008இல் வந்த எஸ்.எல்.எஸ். 1326 என்ற இலங்கைக் கட்டளையில் இடம்பிடித்த அதே விசைப்பலகைதான். ஆனால் ஆங்கிலத்தில் நிறுவினால் அது தானாக வந்து உட்காராது. தேடி இறக்கவேண்டும், எதைத் தேடுவது என்றும் தெரிந்திருக்கவேண்டும்.

உபுந்து ஆறு மாதத்துக்கொரு முறை புதிதாக வெளிவருகிறது. அதன் நீண்டகால வெளியீட்டின் மேல்தான் மின்ட் எழும்புகிறது. ஒவ்வொரு முறையும் கருமை நிறத் தோற்றம், புதிய ஐகன், திரையை வரைவது வேலண்டா எக்ஸா என்ற சண்டை. 25.10இல் உபுந்து தன் எக்ஸ் அமர்வைக் கைவிட்டும் விட்டது. நடக்கட்டும். நான் கேட்பது ஒரேயொரு கேள்விப் பெட்டி. நிறுவும்போது நேர வலயத்தில் ‘கொழும்பு’ என்று அழுத்துகிறோமல்லவா, அடுத்த திரையில் “தமிழ் அடிப்பீர்களா? எந்த விசைப்பலகை?” என்று கேட்டால் போதும். பதில் இறுவட்டிலேயே இருக்கவேண்டும், இணையத்தில் அல்ல.

ரெங்கநாதனைப் போட்டுக் கொடுத்தேன். அக்கா கொம்பை அடித்தார், ‘க’வை அடித்தார், இரண்டும் ஒட்டிக்கொண்டன. சிரித்தார். உடனே பழைய கோப்பொன்றைத் திறந்தார். ‘மாத்தளை’ இருக்கவேண்டிய இடத்தில் கே, எச், ஜே, அரைப்புள்ளி, ஜே, ஐ, எஸ். பாமினி எழுத்துரு கழன்றால் தமிழ் இப்படித்தான் உரிந்துபோகும். உள்ளே இருப்பது வெறும் ஆங்கில எழுத்துக் குறிகள். கோப்பில் எழுத்துருவின் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்தப் பெயரைப் பார்த்தே ‘இது பாமினி, யூனிகோடாக மாற்றட்டுமா?’ என்று லிப்ரே ஆபிஸ் கேட்கலாம். கேட்பதில்லை.

“அப்ப இவ்வளவு காலம் அடிச்சு வச்சதெல்லாம்?” என்றார் அக்கா. இப்போதைக்குப் பாமினி எழுத்துருவை அந்த மெசினில் ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன்.

(தொடரும்)