மென்பொருள் தரமும் வினாவின் திறமும்

தேர்வுத்தாளில் ‘பலவுள் தெரிக’ என்னும் பகுதியை அமைப்பது ஆசிரியராகிய நமக்குப் பழகிய பணி. அவ்வினா வடிவம் மென்பொருளின் தரத்தைச் சோதிக்கவும் பயன்படுகிறது. நம்மிடம் பயின்று, இன்று அச்சோதனைப் பணியில் இருக்கும் மாணவர் ஒருவர் வழியே இதனை அறிந்தோம். அதன் தேவையையும் இயல்பையும் சுருங்க விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒருவர் எழுதிய நிரலைப் பிறர் வரிவரியாகப் படித்துப் பிழை காண்பது மென்பொருள் துறையின் மரபு. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கேல் ஃபேகன் இம்முறையை ஒழுங்குபடுத்தி 1976-இல் கட்டுரையாக வெளியிட்டார். ஆய்பவர் எதனையும் மறவாதிருக்கச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்று துணை செய்யும். பெரும்பாலும் அதில் ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே ஆம், இல்லை என இரு கட்டங்களே இருக்கும். பணி முடிக்க வேண்டிய நாள் நெருங்கினால் பட்டியல் முழுவதும் ‘ஆம்’ என்றே நிரம்பிவிடுகிறது என்று அம்மாணவர் வருந்தினார். நன்னூல் விடையை எட்டு வகையாகப் பகுக்கிறது. நேரும் மறையும் அவற்றுள் இரண்டே என்பது நம் நினைவுக்கு வந்தது.

இவ்விரண்டும் போதா என்பதற்கு ஒரு சான்று காண்போம். 1996 ஜூன் 4 அன்று, தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதன்முறையாக ஏவப்பட்டது. ஏறத்தாழ 40 விநாடிகளில் அது வெடித்துச் சிதறியது. சுமந்து சென்ற 4 செயற்கைக்கோள்களும் அழிந்தன. 64 பிட் எண் ஒன்றை 16 பிட் எண்ணாக மாற்றும்போது அது வரம்பு மீறியதே மூலகாரணம் என விசாரணைக் குழு கண்டது. அத்தகைய இடருக்கு உட்பட்ட மாறிகள் 7. அவற்றுள் 4-க்குப் பாதுகாப்பு இருந்தது. கணிப்பொறியின் பணிச்சுமையைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தமையால், வரம்பு மீறா எனக் கருதி எஞ்சிய 3-ஐ விட்டுவிட்டனர். அக்கருத்து முந்தைய ஏரியன் 4-க்குப் பொருந்தியது. தொடக்கத்திலேயே கிடைத்திசையில் மிகுவேகம் பெற்ற ஏரியன் 5-க்குப் பொருந்தவில்லை.

‘எண் மாற்றம் பாதுகாப்பானதா?’ என்று மட்டும் வினவினால் இத்தகைய நிலை ‘ஆம்’ என்னும் ஒரு குறிக்குள் மறைந்துவிடக் கூடும். அதனையே இவ்வாறு அமைக்கலாம்:

எண் வரம்பு மீறாது என்பதற்கு அடிப்படை யாது?
(அ) நிரலே தடுக்கிறது, சோதித்தாயிற்று.
(ஆ) தடுப்பு இல்லை; இப்போதைய பயன்பாட்டுக்குக் கணக்கிட்டாயிற்று.
(இ) தடுப்பு இல்லை; முந்தைய பயன்பாட்டில் மீறவில்லை.
(ஈ) இன்னும் ஆராயவில்லை.
(உ) எண் மாற்றமே இங்கில்லை.

‘இ’ என்று குறிக்க முனையும் கை சற்றே தயங்கும். அத்தயக்கமே இவ்வினாவின் பயன். இத்தகைய வினா ஒன்றே அந்த ராக்கெட்டைக் காத்திருக்கும் என்பது நம் கூற்றன்று. மறைந்திருக்கும் ஐயத்தை அது வெளிக்கொணரும் என்பதே நாம் கூறுவது.

தேர்வு வினா, விடை அறிந்தவர் கேட்கும் அறிவினா. அதில் பிழையான விடைகள் மாணவரை மயக்கவே வைக்கப்படுகின்றன. பட்டியல் வினாவோ அறியா வினா. அதில் ஒவ்வொரு விடையும் நேர்மையான ஒருவர் தேர்ந்தெடுக்கத்தக்க உண்மை நிலையாக இருத்தல் வேண்டும். ஒன்று மற்றொன்றோடு கலத்தல் ஆகாது. தேர்ந்த விடைக்குச் சான்று எழுதவும் இடம் வேண்டும். அமைத்தவர் எண்ணாத நிலையும் நேரலாம் ஆதலின், ‘பிற’ என ஒரு வரி வெறுமையாக விடுதல் நன்று.

இத்தனைக்கும் மேலாக, ‘ஆராயவில்லை’ என்று குறித்தவரைக் கடிந்துகொள்ளாத மனம் மேலாளருக்கு வேண்டும். அஃது இல்லையேல் ஐந்து விடைகளும் மீண்டும் ஒரே ‘ஆம்’ ஆகிவிடும். நாளை இத்துறையில் நுழையவிருக்கும் நம் மாணவர்கள் ஒன்றை நெஞ்சில் கொள்வார்களாக: ஆராயவில்லை என்பது இழுக்கன்று, ஆராயாமல் ஆம் என்பதே இழுக்கு.