வராத பத்துப் பேர் யார்?

அமெரிக்கப் பள்ளி ஒன்றின் ஆலோசகரிடம் "இந்த ஆண்டு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் பட்டியல் நீளும். இத்தனை மாணவர்களிடம் பேசினேன், இத்தனை வகுப்புகளுக்குப் போனேன், சீண்டலுக்கு எதிராக ஒரு வாரம் நிகழ்ச்சி நடத்தினேன். "அதனால் பிள்ளைகளுக்கு என்ன மாறியது?" என்று அடுத்ததாகக் கேட்டால்தான் சங்கடம். அந்நாட்டுப் பள்ளி ஆலோசகர் சங்கம் 2003-இல் வெளியிட்ட தேசிய மாதிரித் திட்டம் இந்த இரண்டாவது கேள்வியைத்தான் நடுவில் வைத்தது.

தரவு என்றதும் மிரள வேண்டாம். வேண்டியதில் பெரும்பகுதி பள்ளி அலுவலகத்திலேயே கிடக்கிறது: வருகைப் பதிவு, மதிப்பெண், ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பு. அதை எப்படிப் பிரித்துப் பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வருகையையே எடுத்துக்கொள்வோம். ஒரு பள்ளியில் 200 மாணவர்கள், 180 வேலை நாட்கள், சராசரி வருகை 95 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியருக்குத் திருப்திதான். ஆனால் 95 சதவீதம் என்றால் நாளொன்றுக்குப் பத்துப் பேர் வரவில்லை. ஆண்டு முழுவதற்கும் 1,800 விடுப்புகள். 200 பேரும் சமமாக எடுத்திருந்தால் ஆளுக்கு ஒன்பது நாள். காய்ச்சல், கல்யாணம் என்று விட்டுவிடலாம். அதே 1,800-ஐ 60 பிள்ளைகள் மட்டும் ஆளுக்கு 30 நாளாக எடுத்திருந்தால்? சராசரி அப்போதும் 95தான். பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ, அதாவது 180 நாளில் 18 நாளாவது வராத பிள்ளையை அமெரிக்காவில் தொடர் விடுப்புக்காரர் என்று தனியே கணக்கெடுக்கிறார்கள். நாம் சொன்ன பள்ளியில் பத்துக்கு மூன்று பேர் அந்தக் கணக்கில் வருவார்கள், சராசரியில் ஒரு சுவடும் இல்லாமல். ஆகவே ஆலோசகர் கேட்க வேண்டியது "எத்தனை பேர் வரவில்லை" என்பதல்ல, "வராத பத்துப் பேர் தினமும் அதே பத்துப் பேரா" என்பது.

எதை எண்ணுவது என்பதற்குச் சிகாகோ மாநகரப் பள்ளிகளைப் போல நல்ல பாடம் வேறில்லை. அங்கே உயர்நிலைப் பள்ளி 9 முதல் 12ஆம் வகுப்பு வரை. பாடம் பாடமாகக் கிரெடிட் சேர்த்தால்தான் பள்ளிப் படிப்பை முடித்த சான்று கிடைக்கும். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலைன் ஆலன்ஸ்வொர்த்தும் ஜான் ஈஸ்டனும் 2005-இல் வெளியிட்ட அறிக்கை ஒரே ஓர் அளவுகோலைப் பிடித்துக்கொண்டது. 9ஆம் வகுப்பு முடிவில் ஐந்து முழு ஆண்டுப் பாடங்களின் கிரெடிட் கையில் இருக்க வேண்டும். முக்கியப் பாடங்களில் ஒரு அரையாண்டுத் தோல்விக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த வரம்புக்குள் இருந்தவர்களில் 81 சதவீதம் பேர் நான்கே ஆண்டில் படிப்பை முடித்தார்கள். வெளியே நின்றவர்களில் 22 சதவீதம்தான். 9ஆம் வகுப்பில் யார் தோற்பார் என்பதை எட்டாம் வகுப்புத் தேர்வு மதிப்பெண்ணைவிட வருகைப் பதிவு நன்றாகக் காட்டுகிறது என்பது 2007-இல் வந்த அடுத்த அறிக்கையின் முடிவு.

எனக்கு இதில் பிடித்தது, ஆலோசகரின் கைக்கு எட்டுகிற ஒன்றை அந்த அளவுகோல் எண்ணுகிறது என்பதே. வீட்டு வறுமையையோ பழைய மதிப்பெண்ணையோ அவரால் மாற்ற முடியாது. அக்டோபரில் அல்ஜீப்ராவில் சறுக்கும் பையனை நவம்பரில் கூப்பிட்டு உட்காரவைக்க முடியும். மாநகரக் கல்வி நிர்வாகம் அதற்கேற்பப் பள்ளிகளுக்குப் பெயர்ப் பட்டியல் தரத் தொடங்கியது: பள்ளி திறக்கும்போதே கவனிக்க வேண்டியவர்கள், ஆண்டின் நடுவே சறுக்குகிறவர்கள், விட்டுப்போன கிரெடிட்டை மீட்க வேண்டியவர்கள். 2007-08-இல் 57 சதவீதமாக இருந்த வரம்புக்குள்ளானவர் விகிதம் 2012-13-இல் 82 ஆயிற்று. ஆசிரியர்கள் மதிப்பெண்ணை அள்ளிப் போட்டிருப்பார்களோ என்ற சந்தேகம் நியாயமானதுதான். முதலில் முன்னேறிய பள்ளிகளின் மாணவர்களை ஆய்வாளர்கள் தொடர்ந்து பார்த்தார்கள்; 10, 11ஆம் வகுப்புகளிலும் அவர்கள் நின்றார்கள், படிப்பை முடித்தவர் எண்ணிக்கையும் கூடியது.

பட்டியல் யார் என்றுதான் சொல்லும், ஏன் என்று சொல்லாது. ஒரு பிள்ளைக்கு ஆஸ்துமா, இன்னொன்றுக்குத் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலை, மூன்றாவதற்குப் பேருந்தில் வம்பு செய்கிறவன். மூவருக்கும் சேர்த்து 'நேர மேலாண்மை' வகுப்பு நடத்தினால் மூவருமே மறுவாரமும் வரமாட்டார்கள். பேசித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பேச்சுக்கு ஆலோசகரைவிடப் பொருத்தமான ஆள் பள்ளியில் கிடையாது.

பலன் பார்க்கும் இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். குழு அமர்வுக்கு எட்டுப் பேர் வந்தார்கள் என்பது ஒரு தகவல். அமர்வுக்குப் பின் "உதவி கேட்கத் தெரியும்" என்று ஆறு பேர் எழுதினார்கள் என்பது இன்னொன்று. அடுத்த இரண்டு மாதத்தில் அவர்கள் விடுப்பு குறைந்ததா என்பதுதான் மூன்றாவது. முதல் இரண்டும் எளிதில் கிடைப்பதால் அறிக்கைகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. மூன்றாவது அசையவில்லை என்றால், எவ்வளவு ஆசையாக உருவாக்கிய நிகழ்ச்சியானாலும் மாற்றத்தான் வேண்டும்.

எண்ணைக் குறிவைத்தால் எண் பொய் சொல்லவும் கற்றுக்கொள்ளும். ஒழுங்குப் புகார்கள் குறைய வேண்டும் என்று மேலிடம் சொன்னால், சண்டைகள் குறையாமலே புகார் எழுதுவது குறைந்துபோகலாம். அதனால் ஒரே எண்ணை நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்ப்பது நல்லது. பிள்ளை அறையில் மனம்விட்டுச் சொன்னதை அட்டவணையில் ஏற்றுவதும் கூடாது. பதிவேடுகளைப் பெற்றோர் பார்க்கும் உரிமையைத் தரும் 1974-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம்கூட, ஆலோசகர் தன் நினைவுக்காக எழுதி யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கும் குறிப்பை அந்தப் பதிவேட்டில் சேர்ப்பதில்லை.

இத்தனைக்கும் நேரம் எங்கே? 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் என்பது சங்கத்தின் பரிந்துரை. நாட்டின் சராசரியோ 370-ஐ ஒட்டி இருக்கிறது. இருக்கும் நேரத்தையும் பொதுத்தேர்வு ஏற்பாடும் உணவுக்கூடக் கண்காணிப்பும் தின்றுவிடுகின்றன. வேலை நேரத்தில் 80 சதவீதம் மாணவருக்கான பணிக்குப் போக வேண்டும் என்கிறது மாதிரித் திட்டம். அது சொல்லும் வழி: ஆண்டில் இரண்டு வாரம் தன் நேரத்தையே ஆலோசகர் குறித்துவைப்பது. அந்தத் தாளோடு அவர் ஆண்டுத் தொடக்கத்தில் தலைமையாசிரியர் முன் உட்காருகிறார். உணவுக்கூடக் கண்காணிப்புக்கு வாரத்தில் இத்தனை மணி நேரம் போகிறது, அதே நேரத்தில் அந்த 60 பிள்ளைகளில் இத்தனை பேரைப் பார்த்திருக்கலாம், எதை யாரிடம் மாற்றிவிடலாம் என்று பேசி, இருவரும் ஓர் எழுத்து உடன்பாட்டுக்கு வருகிறார்கள்.