வால்பாறையில் 10 சென்ட் வாங்கலாமா?

வொர்க் ஃப்ரம் ஹோம் வந்ததிலிருந்து நம்ம கோயம்புத்தூர் ஐடி ஆளுகளுக்கு ஒரே மாதிரி ஓர் ஆசை. மலை மேல 10 சென்ட் இடம், சின்னதா ஒரு ஓட்டு வீடு, ஜன்னலைத் திறந்தா பனி. எந்த ஊர்னு கேட்டா நிறையப் பேர் சொல்றது வால்பாறை. அங்கே வாழ முடியுமா, நிலம் வாங்க முடியுமாங்கிறது ரெண்டும் வேற வேற கேள்வி. ஆனா வாங்குறதைப் பத்திப் பேசணும்னா, அங்கே மூணு நாலு தலைமுறையா இருக்கிறவங்களுக்கு என்ன சொந்தமா இருக்குன்னு முதல்ல பார்க்கணும்.

பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டினா 40 கொண்டை ஊசி வளைவு. ஏறக்குறைய 3,500 அடி உயரம். ஊரைச் சுத்தி தேயிலை, தேயிலையைச் சுத்தி ஆனைமலைப் புலிகள் காப்பகம். மேப்புல பார்த்தா காட்டுக்கு நடுவுல ஒரு தீவு மாதிரிதான் தெரியும். 1890-கள்ல கார்வர் மார்ஷ் மாதிரி வெள்ளைக்கார துரைமார் இங்கே காட்டை வெட்டித் தோட்டம் போட ஆரம்பிச்சாங்க. சாலையோரம் அவருக்குச் சிலையே இருக்கு. செடி நட்டவங்களுக்குச் சிலை கிடையாது. அவங்களைக் கங்காணிகள் முன்பணம் கொடுத்து சமவெளியிலிருந்து கூட்டிட்டு வந்தாங்க. அந்தக் கதையைத்தான் பி.எச்.டேனியல்ங்கிற டாக்டர் 1969-ல 'ரெட் டீ'ன்னு நாவலா எழுதினார். தமிழ்ல 'எரியும் பனிக்காடு'.

இப்போ நிலம் யார்கிட்ட இருக்கு? பெரும்பகுதி எஸ்டேட் கம்பெனிகள்கிட்ட. அரசோட டான்டீ தோட்டமும் இருக்கு. மிச்சம் வனத்துறை. தொழிலாளி இருக்கிறது கம்பெனியோட லயன் வீட்டுல. 1951-ல வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடு கொடுக்கிறது முதலாளியோட பொறுப்புன்னு சொல்லுச்சு. நல்ல விஷயம்தான். ஆனா அந்த வீடு வேலையோட ஒட்டினது. ரிட்டையர் ஆனா சாவியைக் கொடுத்துடணும், இல்லைன்னா வீட்டுல இன்னொருத்தர் தோட்ட வேலைக்குப் போகணும். பிள்ளைகள் பெரும்பாலும் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் இறங்கிட்டாங்க. அந்த இடத்துக்கு ஜார்க்கண்ட், அசாம்காரங்க வந்திருக்காங்க. 2011 கணக்கெடுப்புல வால்பாறை மக்கள்தொகை சுமார் 70 ஆயிரம். பத்து வருஷம் முன்னாடி அது 90 ஆயிரத்துக்கும் மேல. மலை ஏறணும்னு நாம நினைக்கிற ஊர்ல இருந்துதான் இத்தனை பேர் இறங்கியிருக்காங்க.

இது எங்கே போய் முடியும்னு பார்க்க மாஞ்சோலைக்குப் போனா போதும். திருநெல்வேலி மாவட்டம். சிங்கம்பட்டி ஜமீன்கிட்ட 1929-ல 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த காடு அது. குத்தகை முடியறது 2028-ல. அதுக்கு முன்னாடியே, 2024-ல, கம்பெனி தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து வெளியேறச் சொல்லிருச்சு. அங்கேயே பொறந்து வளர்ந்தவங்க, கையில ஒரு சென்ட் பட்டா இல்லாம கோர்ட்டுக்குப் போனாங்க.

தோட்டத்துக்காரங்களை விடுங்க, அவங்களுக்கும் முன்னாடி இருந்து அந்தக் காட்டுல இருக்கிற காடர்களுக்கே இதே நிலைமைதான். 2019 மழையில கல்லாறு குடியிருப்பு மண்சரிவுல போனப்போ, அந்தக் குடும்பங்கள் எஸ்டேட் லயன்ல தங்கவேண்டியதாப் போச்சு. பக்கத்துல தெப்பக்குளமேட்டுல குடிசை போட இடம் வாங்கறதுக்கு 2006 வன உரிமைச் சட்டத்தைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நாள் போராடினாங்க.

இப்போ நம்ம 10 சென்ட்டுக்கு வருவோம். இத்தனை பேருக்குக் கிடைக்காத நிலம் நமக்கு மட்டும் வாட்ஸ்அப்ல விலைக்கு வருதுன்னா, அது என்ன மாதிரி நிலம்னு கேக்கணுமா இல்லையா?

வால்பாறை டவுனை ஒட்டிக் கொஞ்சம் தனியார் பட்டா நிலம் இருக்கு. அது குறைவு, விலையும் அதுக்கேத்த மாதிரி. எஸ்டேட்டுல ஒரு துண்டைப் பிரிச்சு விக்கிறோம்னு யாராவது சொன்னா அங்கேயே நின்னு யோசிங்க. 1961 நில உச்சவரம்புச் சட்டத்துல தோட்டப்பயிர் நிலத்துக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கு தோட்டமா இருக்கிற வரைக்கும்தான். பிளாட்டா வெட்டினா அடிப்படையே ஆட்டம் காணும். அது போக ஹாகான்னு சொல்ற மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமம் 1990-லேயே வந்தாச்சு. அதோட பட்டியல்ல இருக்கிற மலைக் கிராமங்கள்ல லேஅவுட் போடறது, கட்டடம் கட்டறது எல்லாத்துக்கும் தனி அனுமதி வேணும். புரோக்கர் இதை 'ஒரு ஃபார்மாலிட்டிங்க'ன்னுதான் சொல்வார்.

நம்ம ஆளுக ஏமாறுற இடம் பெரும்பாலும் வில்லங்கச் சான்று. டி.என்.ரெஜிநெட்டுல போட்டுப் பார்த்தேன், சுத்தமா இருக்குன்னு சொல்றாங்க. நம்ம பாஷையில சொன்னா அது ஒரு லாக் ஃபைல், அவ்வளவுதான். பதிவான பத்திரங்கள் மட்டும்தான் அதுல வரும். அரசு நிபந்தனையோட கொடுத்த கண்டிஷன் பட்டாவா, பஞ்சமி நிலமா, அரசு குத்தகையாங்கிறதை அது சொல்லாது. அதுக்குத் தாலுகா ஆபீஸ்ல அ-பதிவேடு பார்க்கணும். பத்திரம் பதிவாயிருச்சே, அப்புறம் என்னங்கிற வாதமும் நிக்காது. விக்கிறவருக்கு உரிமை இருக்கா இல்லையான்னு பார்க்கிறது சார்பதிவாளர் வேலை இல்லைன்னு உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல்ல நம்ம தமிழ்நாட்டு வழக்கு ஒண்ணுலயே சொல்லியிருக்கு. அவர் பத்திரத்தைத்தான் பதியறார்.

இன்னொரு வழியும் சொல்வாங்க: உள்ளூர்க்காரர் பேர்ல வாங்கி, உங்களுக்கு ஒரு அக்ரிமென்ட். இந்தோனேசியாவுல பாலி பக்கம் வெளிநாட்டுக்காரங்க சொந்தமா நிலம் வாங்க முடியாதுங்கறதால இதே வேலையைப் பண்றாங்க. நிலம் அவர் பேர்ல, பணம் உங்களுது. நாளைக்கு மனசு மாறினா உங்ககிட்ட இருக்கிறது ஒரு பேப்பர்.

சரி, வாழறதைப் பத்தி. சின்னக்கல்லாறு பக்கம் பெய்யற மழையை நம்ம ஊர் மழையோட ஒப்பிடவே முடியாது. தென்மேற்குப் பருவத்துல துணி காயாது, சுவர் பூக்கும், கரண்ட் போனா எப்போ வரும்னு சொல்ல முடியாது. பெரிய ஆஸ்பத்திரின்னா பொள்ளாச்சிக்கு அந்த 40 வளைவும் இறங்கணும். நெஞ்சு வலி வந்தவரை வச்சுக்கிட்டு இறங்குறதை நினைச்சுப் பாருங்க. வயசான அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போறதா இருந்தா எனக்கு இது ஒண்ணே போதும், வேண்டாம்னு சொல்றதுக்கு.

அப்புறம் விலங்குகள். யானை எங்கே நிக்குதுன்னு மக்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்புற ஏற்பாட்டை நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் 2011-ல ஆரம்பிச்சது. யானை பக்கத்துல வந்தா சிவப்பு விளக்கு எரியும், அதை போன்ல இருந்தே போடலாம். இவ்வளவு எளிமையா, இவ்வளவு உபயோகமா இருக்கிற டெக்னாலஜியை நான் அதிகம் பார்த்ததில்லை. சிறுத்தைக்கு அந்த மாதிரி எதுவும் இல்லை. 2025 ஜூன்ல பச்சைமலை எஸ்டேட்ல, ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்தோட சின்னப் பெண்குழந்தையைச் சிறுத்தை தூக்கிட்டுப் போயிருச்சு. லயன் வீட்டு முன்னாடியே. நாம 'வியூ'ன்னு சொல்ற தேயிலைப் புதர் அதுக்கு மறைவிடம்.

அப்படியும் ஆசை விடலைன்னா, டவுன்ல மாச வாடகைக்கு ஒரு வீடு பிடிங்க. டிசம்பர்ல இல்லைங்க, ஜூலையில. லேப்டாப்போட ஒரு மாசம் இருந்து, மழையில நெட் நிக்குதா, ஸ்டாண்டப் மீட்டிங்ல உங்க குரல் கேக்குதான்னு பாருங்க. யானை எஸ்எம்எஸ் லிஸ்ட்ல உங்க நம்பரையும் சேர்த்துக்கோங்க. வாங்கலாமா வேண்டாமான்னு ஆகஸ்ட்ல பேசிக்கலாம்.