கேட்க ஆளில்லாத வானொலி

சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்டவர்கள் எமது வாசகர்களுள் பலர் இருப்பீர்கள். 1990களில் வடக்கில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சுற்றுகிற கை களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் இழுபட்டுக் களைத்துவிடும். ஆனாலும் மாறி மாறிச் சுற்றினோம். எங்கே என்ன நடந்தது, எந்தப் பாதை திறந்திருக்கிறது, யார் யார் போய்விட்டார்கள் என்பதை அறிய வேறு வழி இருக்கவில்லை.

அப்படிக் கேட்டுப் பழகிய எமக்கு, கேட்பதற்கு ஆளில்லாமல் வானொலி நிலையங்கள் தவிக்கின்றன என்பது விநோதமாகத் தோன்றலாம். அமெரிக்காவின் சிற்றூர்களில் ஏ.எம். என்று சொல்லப்படும் மத்திய அலையில் ஒலிபரப்பும் நிலையங்களின் நிலைமை இதுதான். 1990 அளவில் அந்நாட்டில் ஏறக்குறைய 5,000 ஏ.எம். நிலையங்கள் இருந்தன. இப்போது சில நூறு குறைந்துவிட்டது. எஞ்சியவற்றிலும் பல பேருக்குத்தான் நடக்கின்றன. இதில் எமக்கென்ன என்று கேட்பீர்கள். அந்த நிலையங்களுட் கணிசமானவற்றை வளர்த்தவர்கள் கமக்காரர்கள் என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

விதைக் கடைக்காரர்களின் போட்டி

ஐயோவா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் ஷெனன்டோவா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. சோளமும் சோயா அவரையும் விளையும் பூமி. சனத்தொகை இன்றும் ஐயாயிரம் அளவில்தான். 1920களில் அங்கே இரண்டு விதை வியாபாரிகள் போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஹென்றி பீல்ட் என்பவர் 1924இல் ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். மற்றவரான ஏர்ல் மே சும்மா இருப்பாரா? 1925இல் அவரும் கே.எம்.ஏ. என்ற நிலையத்தைத் தொடங்கிவிட்டார்.

விதையும் நாற்றும் விற்பதுதான் இருவருடைய நோக்கமும். ஆனால் நாள் முழுவதும் விதையைப் பற்றியே பேசினால் யார் கேட்பார்? ஆகவே காலநிலை சொன்னார்கள், சந்தை விலை சொன்னார்கள், எந்தக் கிழமையில் எதை நடலாம் என்றார்கள். ஊரில் பிடில் வாசிக்கத் தெரிந்தவர்களைக் கூட்டிவந்து வாசிக்கச் செய்தார்கள். தாங்கள் கேட்கும் குரலுக்குரியவர்களை நேரில் பார்க்கவென்று ஆயிரக்கணக்கான கமக்காரக் குடும்பங்கள் அந்தச் சிற்றூருக்குத் திரண்டு வந்தன. வந்தவர்கள் விதையும் வாங்கிக்கொண்டு போனார்கள் என்பதைச் சொல்லவா வேண்டும்?

ஹென்றி பீல்டின் சகோதரி லியானா டிரிப்ட்மையர் 1926இல் பெண்களுக்கான நிகழ்ச்சி ஒன்றைப் பொறுப்பேற்றார். பலகாரம் செய்யும் முறை, பிள்ளை வளர்ப்பு, தன் வீட்டுப் புதினங்கள் என்று பக்கத்து வீட்டு அக்காவைப் போலப் பேசினார். பின்னர் வாகன விபத்தொன்றில் காயப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருக்க நேர்ந்தபோது வீட்டிலிருந்தபடியே ஒலிபரப்பைத் தொடர்ந்தார். அயல்வீடே ஒரு மைலுக்கு அப்பால் இருக்கும் பண்ணைகளில் தனித்திருந்த பெண்களுக்கு அந்தக் குரல் எவ்வளவு துணையாக இருந்திருக்கும் என்பதை, ஊரை விட்டு வந்து தெரியாத இடத்தில் இருந்தவர்கள் நன்றாக அறிவார்கள்.

மண்ணோடு ஒட்டிய அலை

மத்திய அலைக்கு ஒரு விசேஷம் உண்டு. பகலில் அது நிலத்தைத் தழுவிக்கொண்டு போகும். மண்ணில் ஈரமும் உப்புகளும் இருந்தால் அதிக தூரம் செல்லும். மலையும் பாறையும் என்றால் விரைவில் தேய்ந்துவிடும். தென் டக்கோட்டா மாநிலத்தின் யாங்டன் நகரிலுள்ள டபிள்யூ.என்.ஏ.எக்ஸ். நிலையம் 570 கிலோஹேர்ட்ஸில், 5,000 வோட்ஸ் வலுவில் ஒலிபரப்புகிறது. நல்ல மண்ணின் தயவால் அதை ஐந்து மாநிலங்களின் பகுதிகளிற் கேட்கலாம். அந்த நிலையத்தையும் 1920களில் வாங்கி நடத்தியது ஒரு விதைக் கம்பனிதான்.

இரவானால் கதை மாறுகிறது. சூரியன் மறைந்ததும் மத்திய அலை வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் வந்து விழுகிறது. இரவிலே எமது பெட்டிகளில் இந்திய நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டதற்கும் இதுவே காரணம். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, அமெரிக்காவில் சிறிய நிலையங்கள் பல மாலையானதும் வலுவைக் குறைக்க வேண்டும், அல்லது நிறுத்திவிட வேண்டும் என்று விதி வைத்தார்கள். மாரிகாலத்தில் ஐயோவாவில் ஐந்து மணிக்கெல்லாம் இருண்டுவிடும். மக்கள் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம் அது. உள்ளூர்ப் பாடசாலையின் கூடைப்பந்தாட்டம் தொடங்குவது அதற்குப் பிறகுதான். ஊரே கேட்க விரும்பும் நேரத்தில் ஊர் வானொலி வாயை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது.

இதற்குள் எப்.எம். வந்துவிட்டது. எட்வின் ஆம்ஸ்ட்ரோங் என்ற பொறியியலாளர் 1933இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இரைச்சல் இல்லாத ஒலி, பாட்டுக்கு மிகவும் ஏற்றது. 1970களின் முடிவில் எப்.எம். கேட்போர் தொகை ஏ.எம்.மை மிஞ்சியது. பாட்டு போனதும் ஏ.எம்.முக்குப் பேச்சுத்தான் எஞ்சியது. 1988இலிருந்து ரஷ் லிம்போ என்பவரின் அரசியற் பேச்சு நாடு முழுவதும் விநியோகிக்கப்பட்டது. எங்கோ ஒரு நகரிலிருந்து ஒருவர் பேசுவதைச் செய்மதி மூலம் பெற்று ஒலிபரப்பினால் உள்ளூரில் நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கத் தேவையில்லை. கேட்போர் குறைந்ததால் ஆட்களைக் குறைத்தார்கள். ஆட்களைக் குறைத்ததால் கேட்போர் இன்னும் குறைந்தார்கள். ஒரு கம்பனி நாடளாவிய ரீதியில் எத்தனை நிலையங்கள் வைத்திருக்கலாம் என்ற கட்டுப்பாட்டை 1996ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. அதன் பின்னர் பெரிய கம்பனிகள் சிறிய நிலையங்களை நூற்றுக்கணக்கில் வாங்கின.

இதன் விளைவை 2002ஆம் ஆண்டு வட டக்கோட்டாவின் மைனொட் நகரம் கண்டது. ஜனவரி 18ஆம் திகதி அதிகாலை இரண்டு மணியை அண்டிய நேரம். உறையும் குளிர். நகருக்கு அருகே சரக்கு ரயில் ஒன்று தடம் புரண்டு, அதிலிருந்த கொள்கலன்கள் வெடித்தன. அவற்றில் இருந்தது நீரற்ற அமோனியா. நாம் யூரியா போடுவதைப் போல அங்கே கமக்காரர் பசளையாக நிலத்தினுள் செலுத்துவது. நச்சு மேகம் வீடுகளை மூடியது. சில பகுதிகளில் மின்சாரமும் போய்விட்டது. வெளியே ஓடுவதா, கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருப்பதா என்று சனங்களுக்குத் தெரியவில்லை. அவசர அறிவித்தல்களுக்கென நியமிக்கப்பட்டிருந்தது 910 கிலோஹேர்ட்ஸில் இயங்கிய உள்ளூர் ஏ.எம். நிலையம். பொலிசார் அந்த நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தும் எவரையும் பிடிக்க முடியவில்லை. நகரின் வர்த்தக வானொலிகள் ஆறும் அப்போது ஒரே கம்பனிக்குச் சொந்தமாக இருந்தன. நிலையத்தில் ஆள் இருந்தார், பொலிசாரின் பக்கத்து அவசரக் கருவிதான் சரியாகப் பொருத்தப்படவில்லை என்று கம்பனி சொன்னது. இரண்டு பக்கத்திலும் தவறு இருந்திருக்கலாம். ஒருவர் உயிரிழந்தார், நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர்.

எல்லா இடமும் இப்படியில்லை. ஷெனன்டோவாவின் கே.எம்.ஏ. 960 கிலோஹேர்ட்ஸில் நின்றுபிடித்திருக்கிறது. காலநிலை, தானிய விலை, பாடசாலை விளையாட்டு என்று உள்ளூர் விடயங்களை விடாத நிலையங்களே பொதுவாகத் தப்பியிருக்கின்றன. விற்க, வாங்க, மாற்ற விரும்புவோர் தொலைபேசியில் பேசும் நிகழ்ச்சி ஒன்றைச் சிற்றூர் நிலையங்கள் பல நடத்துகின்றன. பழைய உழவு இயந்திரம், கோழிக்கூடு, பிள்ளை வளர்ந்ததால் தேவையற்றுப்போன தொட்டில் எல்லாம் அதில் விலை பேசப்படும். சில நிலையங்களில் மரண அறிவித்தலும் உண்டு. இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் தொடங்கியதும் எமது வீடுகளில் எல்லோரும் மௌனமாகிவிடுவோமே, அதே போலத்தான். சிக்காகோச் சந்தையின் சோள விலையைக் கைத்தொலைபேசி நொடியில் காட்டும். பக்கத்து ஊர்க் களஞ்சியத்தில் இன்று என்ன விலைக்கு எடுக்கிறார்கள், மழைக்கு எந்தப் பாலம் மூடப்பட்டது என்பதைச் சொல்ல உள்ளூரில் ஓர் ஆள் வேண்டும்.

அண்மைக்காலத்தில் வந்த இடி வாகனங்களிலிருந்து. மின்சாரத்தில் ஓடும் கார்களின் இயந்திரம் ஏ.எம். ஒலிக்குள் இரைச்சலைக் கிளப்பும். அதைத் தடுக்கும் செலவைக் காரணம் காட்டிச் சில உற்பத்தியாளர்கள் ஏ.எம்.மையே எடுத்துவிட்டனர். போர்ட் கம்பனியும் 2023இல் அப்படி அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பவே அதே ஆண்டில் பின்வாங்கியது. எல்லாப் புதிய வாகனங்களிலும் ஏ.எம். இருக்க வேண்டும் என்ற சட்டமூலமும் அவ்வாண்டு கொங்கிரசில் முன்வைக்கப்பட்டது. இரு கட்சியினரும் சேர்ந்து கொண்டுவந்த மசோதா அது. கமக்காரர் சங்கங்கள் ஆதரித்தன, வாகன உற்பத்தியாளர் எதிர்த்தனர். பெரிய நகரங்களிலும் ஆட்டம் கண்டுவிட்டது. 1967 முதல் செய்தி மட்டுமே சொல்லிவந்த நியூயோர்க்கின் 880 கிலோஹேர்ட்ஸ் நிலையம் 2024 ஓகஸ்ட்டில் செய்தியைக் கைவிட்டு விளையாட்டுக்கு மாறியது.

2009இலிருந்து ஏ.எம். நிலையங்களின் நிகழ்ச்சியைச் சிறிய எப்.எம். கருவி மூலமும் ஒலிபரப்ப அரசு அனுமதிக்கிறது. வலு 250 வோட்ஸ் வரைதான், ஊர் எல்லையைத் தாண்டாது. ஆனால் இரவிலும் ஒலிக்கும், இரைச்சல் இல்லை. கேட்போர் பலரும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். தூரத்துப் பண்ணைகளில் இருப்பவர்களுக்கு மட்டும் இன்னும் ஏ.எம்.தான் எட்டுகிறது. நிலைய உரிமையாளர் சிலருக்கு அந்த உயர்ந்த கோபுரமும், அதைச் சுற்றி நிலத்தில் புதைத்திருக்கும் செப்புக் கம்பிகளும், அதற்கான மின்கட்டணமும் பாரமாகிவிட்டன. கோபுரத்தை இறக்கிவிட்டு நிலத்தை விற்கலாம் என்று பார்த்தால், ஏ.எம். நின்றால் அந்தச் சிறிய எப்.எம்.மும் நிற்க வேண்டும் என்பது விதி. ஆகவே இரவில் வலுவைக் குறைத்து, கோபுரத்துச் சிவப்பு விளக்கை எரியவிட்டு, பெயருக்கு நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.