வேகாத கேக்கை கிரீம் பூசி மறைக்காதீர்கள்

நடுவில் குழிந்துபோன கேக்கில் கிரீமை நிரப்பிச் சமன் செய்துவிடுவது வீடுகளில் வழக்கம். குழி வெறும் குழியாக இருந்தால் தப்பில்லை. உள்ளே மாவு வேகாமல் இருந்தால்தான் ஆபத்து.

ஈர்க்குச்சியை நடுவில் குத்திப் பாருங்கள். கொழகொழவென்று மாவு ஒட்டி வந்தால் வேகவில்லை. பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம் என்பது பலருக்கும் தெரியும். மைதாவும் பச்சைப் பொருள்தான், அதிலும் நோய்க்கிருமி இருக்கலாம் என்பது தெரிவதில்லை. முட்டை சேர்க்காத மாவுதானே என்று கிண்ணத்தை வழித்துக் குழந்தைக்குக் கொடுக்கிறோம். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

சூடாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் கேக்கைக் காப்பாற்றலாம். மேலே ஃபாயில் மூடி, ஓவனை 160 டிகிரி செல்சியஸில் வைத்து இன்னும் 10, 15 நிமிடம் வேகவிட்டு, மறுபடி குத்திப் பாருங்கள். பள்ளம் மேலெழாது, உள்ளே வெந்துவிடும். குக்கரில் செய்கிறவர்கள் காஸ்கெட்டும் வெயிட்டும் போடாமல் சிறு தீயில் தொடரலாம். ஆனால் நடு ஈரமாக இரவெல்லாம் வெளியே கிடந்ததை மறுநாள் சுட்டு எடுக்க நினைக்காதீர்கள். சில கிருமிகள் விடும் நச்சு சூட்டுக்கு அழியாது. வெண்ணெயும் முட்டையும் வீணானது மனசுக்குக் கஷ்டம்தான், இருந்தாலும் குப்பையில் போட்டுவிடுங்கள்.

நன்றாக வெந்து, பிய்ந்து வந்த கேக்கை உதிர்த்துக் கஸ்டர்டும் பழமும் அடுக்கினால் அருமையான டிரைஃபிள். வறண்டிருந்தால் சர்க்கரைப் பாகு தெளிக்கலாம். விரிசலை மறைக்க அரளிப்பூ மட்டும் வைக்காதீர்கள், அது விஷம். மினுமினுப்புத் தூள் டப்பாவில் 'நச்சற்றது' என்றிருந்தால் போதாது. உண்ணத்தக்கது என்று இருக்க வேண்டும்.

விலைக்கு வாங்கிய கேக் என்றால் உங்களுக்கு உரிமையும் உண்டு. வீட்டில் செய்து விற்பவர்களும் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு பெற வேண்டும். அதன் எண் 14 இலக்கம். ஆர்டர் கொடுக்கும்போதே அதைக் கேளுங்கள். வெட்டியதும் உள்ளே பச்சையாக இருந்தால் அப்படியே படம் எடுங்கள். பெட்டி, லேபிள், பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். முதலில் செய்தவரிடமே பேசிப் பணத்தைக் கேட்பதுதான் முறை. சிறு தொழில் செய்பவருக்குத் திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்பு தரவேண்டும் என்பது என் கருத்து. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். கேக் கெட்டுப்போயிருந்தாலோ, செய்த இடம் அசுத்தமாக இருந்தாலோ மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். இழப்பீட்டுக்கு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதில்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது.

சாப்பிட்டவருக்கு வாந்தி, பேதி வந்தால் புகாரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் மருத்துவரிடம் போங்கள். மிச்சத் துண்டைத் தனி டப்பாவில் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், மருந்துச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.